பந்தாட்டமும் சம்பள வரம்பும்

மாலையில் கடைசி மணி அடித்ததும் நம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு சிறு நாடகம் நடக்கும். பையன்களில் இருவர் தலைவர்களாக எதிரெதிரே நிற்பார்கள். ஒருவன் ஓர் ஆளைக் கூப்பிடுவான். மற்றவன் இன்னோர் ஆளைக் கூப்பிடுவான். இப்படி மாறி மாறிக் கூப்பிட்டு இரண்டு கட்சிகளாகப் பிரிந்த பிறகுதான் பந்து உருளும். இருபது வருஷமாக இதைத் தாழ்வாரத்தில் நின்று பார்த்து வருகிறோம். ஒரு நாள் மேல் வகுப்புப் பையன்கள் எல்லாரும் ஒரே கட்சியில்தான் சேர்வோம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்துக்குள் ஏழு கோல் விழுந்தது. தோற்ற கட்சிப் பையன்கள் ஒவ்வொருவராகப் புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டினார்கள். ஜயித்தவர்கள் வெறும் மைதானத்தில் ஒருவரையொருவர் பார்த்து விழித்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் அவர்களாகவே பழைய முறைக்குத் திரும்பிவிட்டார்கள். நாம் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பந்தாட்டத்தைத் தொழிலாக நடத்துகிறவர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. ஜவுளிக் கடைக்காரருக்கு எதிர்க் கடை மூடிவிட்டால் கொண்டாட்டந்தான். பந்தாட்டக் கோஷ்டியின் முதலாளிக்கோ எதிர்க் கோஷ்டி ஒன்று இருந்தே தீரவேண்டும். அதுவும் ஓரளவு பலத்தோடு இருக்கவேண்டும். இல்லாவிட்டால் டிக்கெட் வாங்க ஆள் வராது. ஆகையால், பணம் படைத்த கோஷ்டி ஒன்றே நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வளைத்துப் போட்டுக்கொள்ளாதபடி ஏதாவது கட்டுத்திட்டம் வேண்டும் என்று முதலாளிகள் சொல்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கட்டுத்திட்டத்தின் பாரம் யார் தலையில் விழுகிறது? பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குச் சம்பளம் கிடையாது. தொழில் ஆட்டக்காரனுக்கோ வயிற்றுப்பாடே அதில்தான் இருக்கிறது. இந்த வழக்கை எழுபது வருஷத்துக்கு மேலாக நடத்திப் பார்த்த தேசம் அமெரிக்கா. அந்தக் கதையைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அல்ல. தேங்காயை நினைவூட்டும் நீள் வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். அல்லது தூர வீசுவார்கள். அதன்மேல் கால் படுவது அபூர்வம். தலைக்கு இரும்புச் சட்டம் வைத்த தொப்பியும், தோளுக்குக் கவசமும் அணிந்து இரண்டு கட்சியாரும் மலைபோல் மோதிக்கொள்வார்கள். முழங்கால் முறியும், மண்டைக்குள் மூளை அதிரும். அநேகருக்கு மூன்று நான்கு வருஷத்துக்குள் தொழில் முடிந்துவிடுகிறது. இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முப்பது வருஷம் வேலை பார்க்கிற குமாஸ்தாவின் சம்பளத்தோடு இவர்களுடைய சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது சரியான கணக்கு ஆகாது.

இந்த ஆட்டத்தை நடத்தும் ‘நேஷனல் புட்பால் லீக்’ என்ற ஸ்தாபனம் 1920-ஆம் வருஷம் ஆரம்பமாயிற்று. இப்போது அதில் 32 கோஷ்டிகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஆட்டக்காரருடைய நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு மனிதருடைய கதை போதும்.

பில் ராடோவிச் என்பவர் 1938-இல் டெட்ராயிட் நகரத்துக் கோஷ்டியில் சேர்ந்தார். நாலு பருவம் ஆடிவிட்டுக் கடற்படைக்குப் போனார். யுத்தத்திலிருந்து திரும்பி 1945-இல் மறுபடியும் அங்கேயே ஆடினார். 1946-இல் அவருடைய தகப்பனாருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கோஷ்டிக்குத் தம்மை மாற்றிக் கொடுக்கும்படி ராடோவிச் கேட்டார். முடியாது என்று விட்டார்கள். அவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, லாஸ் ஏஞ்சல்ஸில் போட்டி லீக் ஒன்றைச் சேர்ந்த கோஷ்டியில் இரண்டு பருவம் ஆடினார். 1948-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் வேறொரு சிறு லீகைச் சேர்ந்த கோஷ்டி, ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருக்க அவரை அழைத்தது. உடனே பெரிய லீகிலிருந்து எச்சரிக்கை வந்தது: ராடோவிச்சின் பெயர் கறுப்புப் பட்டியலில் இருக்கிறது, அவரைச் சேர்த்துக்கொள்ளும் கோஷ்டிக்குக் கடுந்தண்டனை உண்டு என்று. வந்த வேலை போயிற்று.

தகப்பனார் படுக்கையில் கிடக்கும்போது பக்கத்து ஊருக்கு மாற்றல் கேட்காத பிள்ளை உண்டா? ராடோவிச் நியாயஸ்தலம் ஏறினார். வழக்கு அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. முதலாளிகள் கூட்டுச் சேர்ந்து போட்டியை ஒடுக்கக் கூடாது என்ற சட்டம் கால்பந்தாட்டத் தொழிலுக்கும் பொருந்தும் என்று 1957-இல் தீர்ப்புக் கிடைத்தது. அதற்கு முந்தின வருஷந்தான் ஆட்டக்காரர் சங்கமும் தோன்றியிருந்தது.

தீர்ப்புக் கிடைத்துவிட்டால் விடுதலை கிடைத்துவிட்டதா? அதுதான் இல்லை. 1963-இல் லீகின் கமிஷனராயிருந்த பீட் ரோஸெல் ஒரு விதியை ஏற்படுத்தினார். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் வேறு கோஷ்டிக்குப் போகலாம். ஆனால் அவரை ஏற்கும் கோஷ்டி பழைய கோஷ்டிக்கு நஷ்ட ஈடாக ஆட்களைக் கொடுக்கவேண்டும். யாரைக் கொடுப்பது என்று கமிஷனரே தீர்மானிப்பார். பெண்ணைப் பார்க்கலாம், பேசலாம்; ஆனால் சீர் எவ்வளவு என்பதைக் கல்யாணம் முடிந்த பிறகு சம்பந்தி சொல்வார் என்றால் யார் தாலி கட்ட வருவார்கள்? கதவு திறந்திருந்தது, வாசற்படியில் பள்ளம் வெட்டியிருந்தது. ஜான் மாக்கி என்ற ஆட்டக்காரரின் வழக்கில் இந்த விதியும் 1976-இல் அடிபட்டது. ஆனால் மறு வருஷமே சங்கம் முதலாளிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், வேறு சலுகைகளுக்காக, நஷ்ட ஈட்டு முறையை ஏறக்குறையப் பழையபடி திரும்பக் கொடுத்துவிட்டது. கோர்ட்டில் ஜயித்ததைப் பேரத்தில் தோற்றார்கள்.

முதலாளிகள் பக்கத்து நியாயத்தையும் பார்க்கவேண்டும் அல்லவா? அதற்கு கிரீன் பே என்ற ஊருக்குப் போகவேண்டும். விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் மிச்சிகன் ஏரியின் ஒரு கிளையோரத்தில் இருக்கும் இந்த ஊரின் ஜனத்தொகை சுமார் 1,07,000. நியூயார்க்கோடும் சிக்காகோவோடும் ஒப்பிட்டால் இது ஒரு தாலுகாக் கஸ்பா. இங்கே 1919-இல் ஒரு கோஷ்டி தோன்றிற்று. பனியன் வாங்கப் பணம் கொடுத்தது மாமிசத்தை டப்பாவில் அடைக்கும் ‘இந்தியன் பாக்கிங் கம்பெனி’. (நேயர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம், பெயரைத் தவிர நம் தேசத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.) அந்தக் கம்பெனியின் ஞாபகமாகக் கோஷ்டிக்கு ‘பாக்கர்ஸ்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1923-இல் கோஷ்டி கடனில் தத்தளித்தபோது ஊர் ஜனங்களே ஐந்து டாலர் பங்கு வாங்கி அதைத் தங்கள் சொந்தமாக்கிக்கொண்டார்கள். பங்குக்கு லாபம் கிடையாது. விற்றுக் காசாக்கவும் முடியாது. ஆனாலும் பின்னர் ஐந்து முறை பங்கு வெளியிட்டபோதும் ஜனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். 2011-இல் ஒரு பங்கின் விலை 250 டாலர். இப்போது பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். லீகிலுள்ள மற்றக் கோஷ்டிகளுக்கெல்லாம் கோடீசுவரர்கள் முதலாளிகள். இந்த ஒன்றுக்கு மாத்திரம் தச்சரும் உபாத்தியாயரும் பால்பண்ணைக்காரரும் முதலாளிகள். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவதைத் தவிர அந்தப் பத்திரத்தால் அவர்களுக்கு வேறு உபயோகம் இல்லை.

இப்படிப்பட்ட ஊர் பெரிய நகரங்களோடு எப்படிப் போட்டி போட முடியும்? இதற்கு முதல் உதவி 1961-இல் கிடைத்தது. எல்லாக் கோஷ்டிகளின் டெலிவிஷன் உரிமையையும் லீக் ஒன்றாகச் சேர்த்து விற்கலாம் என்று அந்த வருஷம் சட்டம் செய்தார்கள்; வருகிற பணத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். இந்த நல்ல காரியத்தைச் செய்தவரும் அதே ரோஸெல்தான். மனிதர்களை ஒரே வர்ணத்தில் தீட்ட முடியாது என்பதற்கு இவரும் ஓர் உதாரணம். ஆயினும், ஆட்டக்காரர்களை அவிழ்த்துவிட்டால் அவர்கள் எல்லாரும் கடற்கரையும் நாகரிகமும் உள்ள மாநகரங்களுக்கு ஓடிவிடுவார்கள், குளிர்காலத்தில் பனி மூடிக்கிடக்கும் கிரீன் பே ஊருக்கு எவன் வருவான் என்பது முதலாளிகளின் வாதம். முப்பது வருஷம் இதையே சொல்லி வந்தார்கள்.

1982-இல் ஆட்டக்காரர்கள் 57 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அந்தப் பருவத்தில் ஒவ்வொரு கோஷ்டியும் ஆடவேண்டிய 16 ஆட்டங்கள் ஒன்பதாகச் சுருங்கின. 1987-இல் மறுபடியும் நிறுத்தம். இந்தத் தடவை முதலாளிகள் தயாராயிருந்தார்கள். ஒரு வாரம் ஆட்டம் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து மூன்று வாரம் கருங்காலிகளைக் கொண்டு ஆட்டம் நடத்தினார்கள். கல்லூரியோடு ஆட்டம் முடிந்துபோனவர்களும், கோஷ்டிகளிலிருந்து முன்பே கழிக்கப்பட்டவர்களுமாகப் பிடித்துப் பனியனை மாட்டிவிட்டார்கள். டெலிவிஷன் பணம் வந்துகொண்டேயிருந்தது. நட்சத்திர ஆட்டக்காரர்கள் சிலரே சங்கத்தை விட்டு உள்ளே போய்விட்டார்கள். இருபத்துநாலு நாளில், ஒப்பந்தம் ஒன்றும் இல்லாமலே எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் விசித்திரமான கட்டம். சங்கம் வழக்குத் தொடுத்தது. ஆனால் 1989-இல் மேல் கோர்ட்டு ஒரு சிக்கலைக் கிளப்பிற்று. தொழிலாளர் சங்கம் என்று ஒன்று இருந்து பேரம் பேசுகிற வரையில் அந்தப் பேரத்தில் உண்டான விதிகளுக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு என்றது. அதாவது, சங்கம் உயிரோடு இருப்பதே முதலாளிகளுக்குக் கேடயம்! சங்கத்தின் தலைவரான ஜீன் அப்ஷா, முன்னாள் ஆட்டக்காரர்; எதிரியின் மேல் மோதி வழி உண்டாக்குவது அவருக்குப் பழைய தொழில். அவர் யோசித்தார். கேடயத்தைப் பிடுங்க ஒரே வழிதான் இருந்தது. 1989-ஆம் வருஷக் கடைசியில் ஆட்டக்காரர் சங்கம் ‘நாங்கள் இனித் தொழிற்சங்கம் அல்ல’ என்று தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. தொழிலாளருக்கு நன்மை உண்டாவதற்காகத் தொழிற்சங்கம் பிராணத் தியாகம் செய்ததை நாம் வேறெங்கும் படித்ததில்லை.

அதன்பின் பிரீமன் மக்நீல் முதலான எட்டு ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கு மினியாபொலிஸ் நகரத்துக் கோர்ட்டில் ஜூரிகள் முன் வந்தது. ஜூரிகள் எட்டுப் பேரும் பெண்கள். ஒவ்வொரு கோஷ்டியும் 37 பேரைக் கட்டிவைத்துக்கொள்ளலாம் என்று அப்போதிருந்த விதி சட்ட விரோதமானது என்று 1992 செப்டம்பரில் அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். எட்டுப் பேரில் நாலு பேருக்கு நஷ்ட ஈடும் கிடைத்தது. தொகை பெரிதல்ல, ஆனால் அடுத்த வழக்கு எல்லா ஆட்டக்காரர் சார்பிலும் வந்துவிட்டது. அதில் முதல் வாதியின் பெயர் ரெஜி வொயிட். முதலாளிகள் சமாதானத்துக்கு வந்தார்கள்.

1993-இல் ஏற்பட்ட கூட்டு ஒப்பந்தம் கொடுக்கல் வாங்கலாக அமைந்தது. குறிப்பிட்ட வருஷங்கள் ஆடி, ஒப்பந்தமும் முடிந்த ஆட்டக்காரர் இஷ்டப்பட்ட கோஷ்டிக்குப் போகலாம். அதற்கு ஈடாக, ஒவ்வொரு கோஷ்டியும் ஆட்டக்காரர் சம்பளத்துக்காக மொத்தத்தில் இவ்வளவுக்குமேல் செலவு செய்யக் கூடாது என்று உச்ச வரம்பு. தனி மனிதருடைய சம்பளத்துக்கு வரம்பு இல்லை. கோஷ்டியின் மொத்தச் செலவுக்குத்தான். அந்த வரம்பையும் முதலாளிகள் தங்கள் மனம்போல் எழுத முடியாது. லீகின் வருமானத்தில் ஆட்டக்காரருக்கு இவ்வளவு பங்கு என்று ஒப்பந்தத்தில் எழுதி, அந்தக் கணக்கிலிருந்தே வரம்பு பிறக்கும். வருமானம் ஏறினால் வரம்பும் ஏறும். முதல் வருஷமான 1994-இல் அது 3 கோடியே 46 லட்சம் டாலர். 2025-இல் 27 கோடியே 92 லட்சம். கீழ் வரம்பு ஒன்றும் உண்டு. உலோபியான முதலாளி டெலிவிஷன் பணத்தைப் பெட்டியில் பூட்டிக்கொண்டு, கால் விலைக்கு ஆள் பிடித்து ஆடக் கூடாது என்பதற்காக.

கிராமத்தில் வரப்புத் தகராறு பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெரிய பண்ணைக்காரர் இரவோடிரவாகத் தாமே போட்ட வரப்பு ஒன்று. இரண்டு பக்கத்தாரும் கயிற்றின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு போட்ட வரப்பு மற்றொன்று. உயரம் ஒன்றாகவே இருக்கலாம்.

முதல் ரகத்துக்கு உதாரணம் இங்கிலாந்து. அங்கே நமக்குத் தெரிந்த கால்பந்தாட்டத்தில், 1901-இல் ஆட்டக்காரனுக்கு வாரம் நாலு பவுனுக்குமேல் யாரும் கொடுக்கக் கூடாது என்று ஆட்டத்தை நடத்தியவர்களே விதித்தார்கள். அறுபது வருஷத்துக்குப் பிறகு வரம்பு இருபது பவுனாயிருந்தது. மைதானத்தில் அறுபதினாயிரம் பேர் டிக்கெட் வாங்கினாலும் ஆடுகிறவனுக்கு இருபதுதான். ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய முதலாளி விடமாட்டார். ஜிம்மி ஹில் தலைமையில் சங்கம் வேலை நிறுத்தம் செய்யப்போவதாக மிரட்டிய பிறகு, 1961 ஜனவரியில் வரம்பு ஒழிந்தது. 1963-இல் ஜார்ஜ் ஈஸ்டம் என்ற ஆட்டக்காரரின் வழக்கில், ஆட்டக்காரனை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் முறையும் நியாயமல்ல என்று கோர்ட்டு சொல்லிற்று. நல்லதுதான். ஆனால் அநியாயமான வரப்பை இடித்தவர்கள் அதனிடத்தில் நியாயமான வரப்பு எதையும் போடவில்லை. லங்காஷயரில் பர்ன்லி என்று ஒரு மில் ஊர். 1960-இல் இங்கிலாந்தின் முதல் கோஷ்டி அந்த ஊருடையது. அதற்கப்புறம் இன்றுவரை அவ்வூர் அந்தப் பட்டத்தைப் பெற்றதில்லை.

அமெரிக்காவில் என்ன நடந்தது? 1993-இல் கட்டவிழ்ந்த ஆட்டக்காரர்களில் மிகப் பெரியவர் ரெஜி வொயிட்தான். எதிரியின் பந்து வீசுகிறவரை மடக்கி வீழ்த்துவதில் அவருக்கு இணை இல்லை. கிறிஸ்தவ உபதேசியாரும்கூட. பல நகரங்கள் அவரை விருந்தாளியாக அழைத்து உபசரித்தன. கடைசியில் அவர் கையெழுத்திட்ட இடம் எது தெரியுமா? கிரீன் பே! நாலு வருஷத்துக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர். எவன் வருவான் என்று முப்பது வருஷம் கேட்டார்களே, அந்த ஊருக்கு முதல் ஆளாக அவரே வந்து சேர்ந்தார். வரம்பு அமலுக்கு வந்தது அடுத்த வருஷம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே அவரை அங்கே கொண்டுவந்தது வரம்பு அல்ல, டெலிவிஷன் பணத்தின் சமப் பங்கீடு. 1997 ஜனவரியில் கிரீன் பே 29 வருஷத்துக்குப் பிறகு சாம்பியன் பட்டம் பெற்றது. இறுதி ஆட்டத்தில் வொயிட் எதிரியின் தலைவனை மூன்று முறை வீழ்த்தினார்.

இனி வரம்பின் மறு பக்கத்தைப் பார்ப்போம். கணக்குப் பாடத்தில் விருப்பம் உள்ள பையன்களுக்கு இது நல்ல பயிற்சி. ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஓர் ஆட்டக்காரருக்குக் கையெழுத்துப் போடும்போதே 2 கோடி டாலர் ரொக்கமாகக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கில் இதை வருஷத்துக்கு 40 லட்சமாகப் பரப்பி எழுதலாம். பணம் இன்று போகிறது; பாரம் நாளைக்குத் தள்ளிப் போகிறது. ஆனால் இரண்டு வருஷத்தில் அவரை நீக்கிவிட்டால் பாக்கி 1 கோடியே 20 லட்சமும் கோஷ்டியின் தலையில் வந்து விழும். ஆளும் இல்லை, ஆட்டமும் இல்லை, வரம்பில் மாத்திரம் இடம் பிடித்துக்கொண்டிருக்கும். இதை அவர்கள் ‘செத்த பணம்’ என்கிறார்கள். ஸான் பிரான்ஸிஸ்கோ கோஷ்டி இந்த வித்தையில் கைதேர்ந்தது. 1983 முதல் பதினாறு பருவம் தொடர்ச்சியாக ஒவ்வொன்றிலும் பத்து வெற்றிகளுக்குக் குறையாமல் பெற்று வந்தது. 1999-இல் நாளைக்கு என்று தள்ளிய கடனெல்லாம் வாசலில் வந்து நின்றது. முதன்மை ஆட்டக்காரர் ஸ்டீவ் யங்குக்கும் அடிபட்டது. நாலு வெற்றி, பன்னிரண்டு தோல்வி. பதினாறு பருவம் அங்கே ஆடிப் பெயர் பெற்ற ஜெர்ரி ரைஸ் 2001-இல் வளைகுடாவுக்கு எதிர்க்கரையிலுள்ள ஓக்லண்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ரைஸைப் போன்றவர்களுக்கு எப்படியும் வழி பிறக்கும். வரம்பினால் நசுங்குகிறவன் நடுத்தர ஆட்டக்காரன். மொத்தத் தொகை நிர்ணயமாகிவிட்டபடியால், நட்சத்திரத்துக்குக் கொடுத்தது போக மிச்சத்தைத்தான் மற்றவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஏழெட்டு வருஷம் ஆடினவனுக்கு அனுபவத்துக்கேற்பக் குறைந்தபட்சச் சம்பளம் அதிகம். கல்லூரியிலிருந்து வந்த பையனுக்குக் குறைவு. முதலாளி யாரை வைத்துக்கொள்வார்? அநேக ஒப்பந்தங்களில் முழுத் தொகைக்கு உத்தரவாதமும் கிடையாது. காகிதத்தில் ஐந்து வருஷம் என்றிருக்கும்; இரண்டாம் வருஷமே ‘போய் வா’ என்பார்கள். ஊதிய உயர்வு சேரச் சேர வேலைக்கு ஆபத்தும் சேர்ந்து வருவது உபாத்தியாயர்களாகிய நமக்குப் புதிய செய்தியல்ல. தனியார் பள்ளிக்கூடங்களில் பார்த்திருக்கிறோம். பிற்காலத்தில் சங்கம் இதற்கு ஒரு பரிகாரம் தேடிற்று. பழைய ஆளைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டால், வரம்புக் கணக்கில் இளைஞனுக்குரிய தொகையை மாத்திரம் எழுதினால் போதும் என்று விதி செய்தார்கள்.

வரம்பு இருந்தால் எல்லாரும் சமமாகிவிடுவார்கள் என்பதும் இல்லை. நியூ இங்கிலாந்து கோஷ்டி வரம்புக்குள்ளேயே ஆறு முறை பட்டம் வென்றது. பத்துக் காசில் நன்றாகக் குடித்தனம் செய்கிறவளும், அதே பத்துக் காசில் கடன் வாங்குகிறவளும் ஒரே தெருவில் இருப்பதில்லையா?

2008-இல் முதலாளிகள், ஆட்டக்காரருக்கு அதிகம் போகிறது என்று ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்ளத் தீர்மானித்தார்கள். அதன் விளைவாக 2010-ஆம் வருஷம் வரம்பு இல்லாமலே கழிந்தது. அந்த வருஷத்தில் வாஷிங்டன், டல்லாஸ் கோஷ்டிகள் சில ஆட்டக்காரர்களின் பணத்தையெல்லாம் அந்த ஒரே வருஷக் கணக்கில் கொட்டி எழுதிக்கொண்டன. வரம்புதான் இல்லையே! ஆனால் 2012-இல் லீக் அவர்களைத் தண்டித்தது. பின்வரும் வருஷங்களின் வரம்பிலிருந்து வாஷிங்டனுக்கு 3 கோடியே 60 லட்சமும், டல்லாஸுக்கு ஒரு கோடியும் குறைத்துவிட்டார்கள். இல்லாத வரப்பைத் தாண்டியதற்கு அபராதம்! முதலாளிகளைத் தங்களுக்குள் விட்டால் எழுதாத வரம்பு ஒன்று எப்போதும் இருக்கும் என்று ஆட்டக்காரர்கள் எண்ணினால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா?

2011 மார்ச்சில் முதலாளிகள் கதவடைத்தார்கள். சங்கம் பழைய அஸ்திரத்தை எடுத்து மறுபடியும் தன்னைக் கலைத்துக்கொண்டது. ஜூலை 25-ஆம் தேதி சமாதானம் ஏற்பட்டது. பேச்சு வார்த்தையில் முக்கியமாயிருந்த முதலாளிகளில் ஒருவர் ராபர்ட் கிராப்ட். அவருடைய மனைவி நெடுநாள் நோயாயிருந்து ஐந்து நாள் முன்புதான் காலமாகியிருந்தாள். அந்த நிலைமையிலும் அவர் வந்து வந்து பேசியிருந்தார். சமாதானச் செய்தி சொல்லக் கூடியிருந்த கூட்டத்தில் ஜெப் ஸாட்டர்டே என்ற நெடிய ஆட்டக்காரர் அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார். அந்தப் படத்தை நாம் பார்த்திருக்கிறோம். பெரியவர் அவருடைய தோளில் முகம் சாய்ந்து நிற்கிறார்.

அந்தச் சமாதானத்தின் செலவை யார் கொடுத்தார்கள்? அங்கே இல்லாதவர்கள் கொடுத்தார்கள். 2010-இல் கல்லூரியிலிருந்து முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸாம் பிராட்போர்டுக்கு ஆறு வருஷத்துக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம். மறு வருஷம் அதே ஸ்தானத்தில் வந்த காம் நியூட்டனுக்கு நாலு வருஷத்துக்கு 2 கோடியே 20 லட்சம். புதிதாக வருகிறவர்களுக்குப் படித்தரம் நிர்ணயித்துவிட்டார்கள். அவர்களோ இன்னும் சங்கத்தில் சேராத பையன்கள். அவர்களுக்கு வோட்டு இல்லை. இதன் பலன் விரைவில் தெரிந்தது. ஸியாட்டில் கோஷ்டி 2014 பிப்ரவரியில் பட்டம் வென்றபோது, அதன் முதன்மை ஆட்டக்காரரான ரஸ்ஸல் வில்ஸனின் வருஷச் சம்பளம் ஐந்தேகால் லட்சம் டாலர்தான். அந்த வருஷத்து வரம்பு 12 கோடியே 30 லட்சம். கெட்டிக்காரப் பையன் ஒருவன் மலிவாகக் கிடைத்தால், மிச்சப் பணத்தில் மற்ற எல்லா இடங்களையும் பலப்படுத்தலாம். அவன் பேரம் பேசும் நாள் வருவதற்குள் பட்டம் வாங்கிவிட வேண்டும். இன்று அநேகக் கோஷ்டிகளின் உபாயம் இதுதான்.

நம் நாட்டு ஐ.பி.எல். கிரிக்கெட்டிலும் ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஏலச் செலவு வரம்பு உண்டு; அதைக் கிரிக்கெட் வாரியம் நிர்ணயிக்கிறது. ஏலத்தில் கோடி கோடியாகத் தொகை ஏறுவதைப் பார்த்து வியக்கும் வீடுகளில், வருமானத்தில் ஆட்டக்காரனுக்கு என்ன விகிதம் என்று யாரும் கேட்டு நாம் கேட்டதில்லை.

அமெரிக்காவில் இப்போது நடப்பிலுள்ள ஒப்பந்தம் 2020 மார்ச்சில் ஏற்பட்டது. ஆட்டக்காரருக்கு வருமானத்தில் ஏறக்குறைய 48 சதவிகிதம். குறைந்தபட்சச் சம்பளம் உயர்வு. அதற்குப் பதிலாகப் பருவத்துக்கு 16 ஆட்டம் 17 ஆயிற்று. இன்னும் ஓர் ஆட்டம் என்றால் இன்னும் ஒரு நாள் முழங்காலைப் பணயம் வைக்கவேண்டும். பெரிய சம்பளக்காரரில் பலர் கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆனால் சங்கத்தில் நட்சத்திரத்துக்கும் ஒரு வோட்டு, குறைந்தபட்சச் சம்பளக்காரனுக்கும் ஒரு வோட்டு. எண்ணிப் பார்த்தபோது ஒப்பந்தத்துக்குச் சாதகம் 1,019, பாதகம் 959. அறுபது வோட்டு வித்தியாசம். பிறகு கொள்ளை நோய் வந்து மைதானங்கள் காலியாயின, வருமானம் சரிந்தது, 2021-இல் வரம்பும் 19 கோடியே 82 லட்சத்திலிருந்து 18 கோடியே 25 லட்சமாக இறங்கிற்று. அநேக அனுபவஸ்தர்கள் அந்த வருஷம் குறைந்த சம்பளத்துக்குக் கையெழுத்திட்டார்கள்.

ஒப்பந்தம் 2030-ஆம் வருஷத்துப் பருவத்தோடு முடிகிறது. பதினெட்டாவது ஆட்டத்தைப் பற்றிய பேச்சு இப்பொழுதே கிளம்பியிருக்கிறது. அந்தக் கயிற்றை மறுபடியும் பிடிக்கும்போது ஆட்டக்காரர் பக்கத்தில் நிற்கப்போகிறவர்களில் அநேகர் இன்று பள்ளிக்கூடத்து மைதானங்களில் ஆள் பிரித்துக்கொண்டிருக்கும் பையன்கள்.